மிச்சத்தில் ஒரு முன்னாள் ஜனாதிபதி

ஒரு நாட்டின் முன்னாள் ஜனாதிபதியைப் பார்க்கப் போகிற வழியில் ரயிலில் தூங்கிப்போனவள், திருநெல்வேலி ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் ஏறிய லண்டன் பாதாள ரயில் வால்தம்ஸ்டோவில்தான் புறப்படுகிறது. அதனால் உட்கார இடம் கிடைக்கும். அதுதான் வினை. ஸ்டொக்வெல்லில் இறங்கி எதிர்ப்பக்கம் வரும் ரயிலுக்கு மாறவேண்டும் என்று நான் தங்கியிருந்த வீட்டுத் தோழி ராஜி மூன்று முறை சொல்லி, துண்டுச் சீட்டிலும் எழுதிக் கொடுத்திருந்தாள். கண்ணைத் திறந்தபோது பெட்டி காலியாக இருந்தது. சீருடை அணிந்த ஒரு பெண்மணி என் தோளைத் தொட்டு, "எழுந்திரு செல்லம், இதற்கு மேல் தண்டவாளம் இல்லை" என்றார். பிரிக்ஸ்டன் என்று சுவரில் எழுதியிருந்தது.

எனக்கு வெட்கமாக இல்லை. திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் பாசஞ்சரில் தூங்கிச் செங்கோட்டையில் விழித்தவர்கள் என் வம்சத்தில் பலர். அடுத்த ரயிலில் ஏறி ஒரு நிலையம் திரும்பி வந்து, மாறவேண்டிய ரயிலுக்கு மாறி, கொலியர்ஸ் வுட்டில் இறங்கி, பஸ் பிடித்தேன். போகவேண்டிய ஊர் மிச்சம். ஆங்கிலத்தில் அதை எப்படியோ உச்சரிக்கிறார்கள். லண்டன் தமிழர் வாயில் அது மிச்சம்தான். பதவி போய், நாடு போய், மனைவியும் போன ஒரு மனிதர் குடியிருப்பதற்கு வேறு பெயருள்ள ஊர் கிடைக்கவில்லையா என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசி. நான் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். லண்டனில் வரலாற்று ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை படிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அது இரண்டே நாளில் முடிந்தது. மீதி நான்கு நாட்கள் என்னுடையவை. நான் உண்மையில் வந்தது அந்த நான்கு நாட்களுக்காகத்தான். தென்னமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் தன்வரலாற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழில் பெயர்த்து முடித்திருந்தேன். அச்சிட ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஒப்புதல் தாளில் நூலாசிரியரின் கையெழுத்துதான் வேண்டும். கடிதம் போட்டதற்கு, "நேரில் வாருங்கள். தமிழ் என்ற மொழியை என் காதால் கேட்க வேண்டும்" என்று பதில் வந்தது.

நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். தொன் அன்செல்மோ என்று எல்லாரும் அவரை அழைத்தார்கள். 'தொன்' என்பது நம் ஊர் 'ஐயா' மாதிரி.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா வடக்கு மலையில் கோவேறு கழுதைகளில் தாதுமண் சுமந்தவர். பிள்ளை பதினெட்டு வயதில் அதே மலையில் ஒரு சுரங்க ஊரில் பள்ளி ஆசிரியர் ஆனார். வார நாளில் பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அவர்களுடைய அப்பாக்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். தொழிற்சங்கம், சிறை, பிறகு பாராளுமன்றம். ஐம்பது வயதில் ஜனாதிபதி. மலைக்கிராமங்களுக்கு ரயிலில் மருத்துவர்களை அனுப்பினார். பெரிய பண்ணைகளை உடைத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்தார். மூன்றாவது வருஷம் அவருடைய மாளிகை வாசலில் அவருடைய டாங்கிகளே வந்து நின்றன. பனி கொட்டும் ஒரு தீவில் இரண்டு வருஷச் சிறை. அதன் பிறகு லண்டன். மனைவியை இங்கேதான் புதைத்தார்.

மிச்சத்தில் ஒரு மூலைக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் வீடு. கதவைத் திறந்தவள் அவர் மகள் இனெஸ். முப்பது வயதிருக்கும். கையில் மாவு ஒட்டியிருந்தது. "ஒன்றரை மணி நேரம் தாமதம். அப்பா ஜன்னலிலேயே நிற்கிறார்" என்றாள்.

அவர் குள்ளமான மனிதர். முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தாமதத்துக்குக் காரணம் கேட்டார். பிரிக்ஸ்டன் என்றேன். "நான் நாடாளுமன்றத்தில் என் முதல் பேச்சுக்கு முந்தின நாள் ரயிலில் தூங்கி, எல்லைக் காவல் நிலையத்தில் விழித்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த நொடியிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

முதலில் தமிழ். என் மொழிபெயர்ப்பின் முதல் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கூழாங்கல்லின் மேல் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கிறது. நான் இவ்வளவு நன்றாகவா எழுதினேன்?" என்றார். "நான் எழுதினேன்" என்று திருத்தினேன். இனெஸ் முதல் தடவையாகச் சிரித்தாள்.

பிறகு என் சந்தேகங்கள். இருபத்து மூன்று கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்றாவது கேள்வி, சிறுவயதில் அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த 'அங்கிள்' பற்றியது. "அப்பாவின் அண்ணனா, தம்பியா, அம்மாவோடு பிறந்தவரா, அத்தையின் கணவரா?" என்று கேட்டேன். அவர் வியந்துபோனார். "நாற்பது வருஷமாக யாரும் இதைக் கேட்டதில்லை. அம்மாவின் தம்பி." "அப்படியானால் மாமா. தாய்மாமன் என்றால் எங்கள் ஊரில் தனி மரியாதை" என்றேன். மகிழ்ந்துபோய், மாமா என்ற சொல்லைப் பல தடவை சொல்லிப் பார்த்தார்.

மத்தியானம் இனெஸ் சோளமாவை அலுமினியத் தாளில் பொதிந்து அவித்துக் கொண்டுவந்தாள். ஊரில் சோளத்தின் மடலிலேயே பொதிவார்களாம். லண்டனில் மடல் கிடையாது. பிரித்தால் நம் இலைக்கொழுக்கட்டையின் தூரத்துச் சொந்தம். உள்ளே வெல்லத்துக்குப் பதில் வெங்காயமும் பாலாடைக்கட்டியும். நான் நான்கு சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பதினேழாவது கேள்வி. அவருடைய ஆட்சியின் இரண்டாம் வருஷத்தைப் பற்றி ஆங்கிலப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி வருகிறது: வடக்குச் சுரங்கங்களில் சில குழப்பங்கள் ஏற்பட்டு, பின்னர் தீர்க்கப்பட்டன.

"இதை அப்படியே போட்டால் தமிழில் வாக்கியம் காற்றில் தொங்குகிறது. யார் தீர்த்தார்கள், எப்படி என்று தெரிந்தால் நேராக எழுதிவிடுவேன்" என்றேன். வெறும் இலக்கணச் சந்தேகம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் தட்டிலிருந்த அலுமினியத் தாளை மடித்தார். இன்னொரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. இனெஸ் சொன்னாள்: "அந்த வரி அப்படியே இருக்கட்டும். நீங்கள் கெட்டிக்காரர், தொங்கவே விடுங்கள்."

"நாளைக்கு வாருங்கள்" என்றார் அவர். கையெழுத்தும் நாளைக்கே என்று முடிந்தது.

ராஜியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, சென்னையில் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவள். அன்றைக்கே என்னை 'நீர்' என்றுதான் அழைப்பாள். வேதியியல் பட்டம் வாங்கியவள், இப்போது வால்தம்ஸ்டோவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நிற்கிறாள். அவள் கணவருக்கும் ஷிப்ட் வேலை. ஒருவர் வரும்போது மற்றவர் போவார். நான் போன நேரம் அவர் வெளியூரில் வேலையாக இருந்தார்.

அன்று மாலை புட்டு அவித்தாள். தேங்காய்க்கு வழியில்லாமல், கடையில் விற்கும் உலர்ந்த தேங்காய்த்தூளைப் பாலில் ஊறவைத்துப் போட்டிருந்தாள். கூடவே கத்தரிக்காய்க் குழம்பு. குறை சொல்ல முடியாது. சாப்பிட்டுக்கொண்டே பதினேழாவது கேள்வியைச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"திருப்பிச் சொல்லும், என்ன எழுதியிருக்கு?"

"பின்னர் தீர்க்கப்பட்டன."

அவள் எழுந்து கை கழுவிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தின் நகலை எடுத்து வந்தாள். அவள் தம்பி சுதனைப் பற்றி எனக்குத் தெரியும். ராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள், வரவில்லை. கடிதத்தை நான் பார்த்ததில்லை. அம்மா அலைந்து அலைந்து வாங்கிய பதில் அது. ஒரே வரி. மேற்படி நபர் விசாரணையின் பின் விடுவிக்கப்பட்டுள்ளார்.

"ஆர் விட்டது? எந்த வாசலாலை விட்டது? எத்தினை மணிக்கு? ஒண்டும் இல்லை. அம்மா இப்பவும் கதவைப் பூட்டாமல்தான் படுக்கிறா. விட்டிட்டினம் எண்டு காயிதம் இருக்கெல்லோ."

புட்டு ஆறிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எனக்கு ஷிப்ட் இல்லை. நானும் உம்மோடை வாறன்" என்றாள்.

மறுநாள் மழை. லண்டன் மழைக்கு நம் ஊர் மழையின் வீரியம் கிடையாது. கொட்டித் தீர்க்காமல் நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே இருக்கும். நாங்கள் ஏறிய பஸ் டூட்டிங்கோடு நின்றுவிட்டது. ஓட்டுநர் தலையைத் திருப்பி ஏதோ முணுமுணுத்தார். எல்லாரும் எதிர்ப்பேச்சே இல்லாமல் இறங்கினார்கள். பாளையங்கோட்டை பஸ் நிலையமாக இருந்தால் இந்நேரம் ஒரு பொதுக்கூட்டம் நடந்திருக்கும். எங்களுக்கு முன்னால் நடந்த இரண்டு கிழவிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"என் பூனை அவரிடம் போவதே இல்லை."

"பூனைக்குத் தெரியும். நீ அவரைக் கட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே என் பூனையும் சொல்லிற்று."

அவர்களில் ஒருத்தி என் தலை நனைவதைப் பார்த்து, கேட்காமலே தன் குடையில் பாதியைக் கொடுத்தாள். மிச்சம் வரை பூனைக்கதை கேட்டுக்கொண்டே நடந்தோம்.

ராஜி வெறுங்கையோடு வரவில்லை. விடியக்காலையில் எழுந்து மட்டன் ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். தொன் அன்செல்மோ மூன்று சாப்பிட்டார். இனெஸ் செய்முறை கேட்டாள். எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. ராஜியை என் தோழி என்றும் யாழ்ப்பாணத்துக்காரி என்றும் அறிமுகப்படுத்தினேன். அவருக்கு யாழ்ப்பாணம் தெரிந்திருந்தது. செய்தித்தாளை வரிவிடாமல் படிப்பவர்.

பெட்டி காலியானதும் அவர் தானாகவே ஆரம்பித்தார். பேசியது ஆங்கிலத்தில். எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது.

"தொலைபேசி வந்தபோது நான் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சுரங்கம் சரிந்திருந்தது. முட்டுக்கொடுக்க நல்ல மரம் வேண்டும் என்று தொழிலாளிகள் வேலையை நிறுத்தி முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நியாயமான கோரிக்கை. நான் சங்கத்தில் இருந்திருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன். பத்து நாள் ஆகியிருந்தது. தளபதி பேசினார். பக்கத்தில் வெடிமருந்துக் கிடங்கு இருக்கிறது, ஐயா, முற்றத்தைக் காலி செய்ய அனுமதி வேண்டும் என்றார். தேவையானதைச் செய்யுங்கள் என்றேன்."

இனெஸ் காலிப் பெட்டியை மூடிவைத்தாள்.

"அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன் மாதிரி முட்டையைச் சாப்பிட்டு முடித்தேன். அரைமணியில் மறுபடி தொலைபேசி. சுட்டதில் ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். நான் அன்றைக்கே வடக்கே போயிருக்க வேண்டும். ஒரு பாலம் திறந்துவைக்கப் போனேன். தளபதியைப் பதவியில் வைத்திருந்தேன். அடுத்த வருஷம் என் வாசலுக்கு டாங்கியோடு வந்தவரும் அவர்தான்."

"அப்பா" என்றாள் இனெஸ். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. "போன மாதம் கட்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ராணுவம் போகப்போகிறது. தேர்தல் வருகிறது. அப்பாவைத்தான் நிறுத்தப்போகிறார்கள். நாங்கள் வீட்டுக்குப் போகப்போகிறோம், தெரியுமா? பன்னிரண்டு வருஷம் கழித்து. இது வெளியே வந்தால் எதுவும் நடக்காது. யாருக்கு லாபம்? அந்தத் தளபதிக்குத்தான்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் அவள் இடத்தில் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ராஜி ஆங்கிலத்தில், பெட்ரோல் நிலையத்தில் வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே பணிவான குரலில் கேட்டாள்: "அந்த ஒன்பது பேரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா, சேர்?"

"நான்கு பெயர் தெரியும். அந்த நான்கு பேரும் என்னிடம் படித்தவர்கள்."

"மற்ற ஐந்து பேர்?"

அவர் தெரியாது என்று தலையை ஆட்டினார்.

ராஜி கைப்பையைத் திறந்து அந்தக் கடித நகலை எடுத்து, ரோல்ஸ் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே வரி என்பதால் மொழிபெயர்த்துச் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. "இதை எழுதியவருக்கு என் தம்பியின் பெயராவது தெரியும். கடிதத்தின் தலைப்பில் போட்டிருக்கிறார். உங்களுக்கு அதுவும் தெரியவில்லை" என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பதவியில் இருந்தவர்களுக்கு ஒரு முகம் பழகியிருக்கும், அதை மாட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். மாட்டிக்கொள்ளவில்லை. கடிதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெழுத்தைப் பற்றிக் கேட்காமலே வணக்கம் சொல்லிவிட்டு ஓடினேன்.

பஸ் நிறுத்தத்தில் ராஜி நனைந்துகொண்டு நின்றாள்.

"உமக்குக் கையெழுத்துக் கிடைக்காமல் போனால் அது என்ர பிழைதான். ஆனா கேக்காமல் இருக்க எனக்கு ஏலாது, கோமு."

"கையெழுத்து கிடக்கட்டும்டி. கடிதத்தை விட்டுட்டு வந்துட்டியே?"

"அது போட்டோக் கொப்பிதானே. வீட்டிலை இன்னும் ஏழு கிடக்கு."

மூன்றாம் நாள் அவளுக்கு வேலை. வீட்டில் உட்கார்ந்து தொலைபேசியை முறைப்பதில் பயனில்லை என்று பஸ் ஏறி இல்ஃபோர்டுக்குப் போனேன். ஒரு கடையில் நம் மொழியில் பெயர்ப்பலகை கண்டு உள்ளே நுழைந்தேன். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டவுடன், "அக்கா இந்தியாவோ? முருங்கைக்காய் வெள்ளிக்கிழமைதான் வரும், பிளேனிலை" என்றார். நான் முருங்கைக்காய் கேட்கவே இல்லை. இந்தியாக்காரர்கள் வேறு எதற்கு வருவார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது. புகைக் கறுப்பேறிய வரிசை வீடுகள், வாசலில் கோலம் மாதிரி உதிர்ந்து கிடந்த மஞ்சள் இலைகள், பள்ளிவிட்டு வரும் தமிழ்ப் பெண்பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டே 'அக்கா, அக்கா' என்று கூப்பிடுவது, எல்லாவற்றையும் ரசித்தேன். கையெழுத்து இல்லாமல் ஊருக்குத் திரும்பினால் ஐந்நூறு பக்கக் கையெழுத்துப் பிரதியை என்ன செய்வது என்ற யோசனையை மட்டும் உதற முடியவில்லை. ஆனாலும் ராஜியை அழைத்துப் போனது தப்பு என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

மாலை ஐந்தரைக்குத் தொலைபேசி. இனெஸ்.

"நாளைக்குக் காலையில் வாருங்கள். நிறையத் தாள் கொண்டுவாருங்கள். உங்கள் தோழியும் வரவேண்டும் என்று அப்பா கேட்கிறார்."

ராஜிக்கு மத்தியானம் வரை வேலை. முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். நான்காம் நாள் நான் தனியாகப் போனேன். ஸ்டொக்வெல் வரை உட்காராமல் நின்றுகொண்டே.

சாப்பாட்டு மேசையில் தட்டச்சு இயந்திரம் ஏறியிருந்தது. சுற்றிலும் கிறுக்கிய தாள்கள். முந்தின நாள் முழுக்க அவர் ஊருக்குத் தொலைபேசி போட்டிருக்கிறார். சுரங்க ஊரின் பாதிரியார், பழைய சங்கத்தின் எழுத்தர் ஒருவர், அவர் சொன்ன ஒரு விதவை. அந்த விதவை யார் பேசுகிறது என்று தெரிந்ததும் வைத்துவிட்டாராம். அரைமணி கழித்து அவராகவே மகனை விட்டு, இரண்டு பெயரை மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் ஒன்பது பெயரும் சேர்ந்துவிட்டன.

"முந்தாநாள் ராத்திரி நானும் அப்பாவும் சண்டை போட்டோம்" என்றாள் இனெஸ், தாளை இயந்திரத்தில் சுருட்டிக்கொண்டே. "அன்றைக்கு எனக்குப் பதினேழு வயது. முட்டை பரிமாறியது நான்தான். நானும்தான் கேட்டேன், தேவையானதைச் செய்யுங்கள் என்று சொன்னதை. எனக்கும் பொருள் தெரியும். ஊருக்குப் போனால் யாராவது ஒருநாள் என்னிடம் கேட்பார்கள். அப்போது நான் என்ன சொல்வது?" பிறகு தகப்பனாரைப் பார்த்து, "நான் தட்டச்சு செய்கிறேன். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நான்' வரவேண்டும்" என்றாள்.

அவர் தன் மொழியில் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். அடித்த தாளை உருவி அவள் எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். நான் கேட்டேன். நான் சொன்னேன். நான் சாப்பிட்டேன். நான் போகவில்லை. பதினோரு பக்கம். சில இடங்களில் அவர் பழக்கதோஷத்தில் 'முடிவெடுக்கப்பட்டது' என்று தொடங்குவார். தட்டச்சுச் சத்தம் நின்றுவிடும். அவர் திருத்திக்கொள்வார்.

ராஜி வந்தபோது மணி இரண்டரை. பெட்ரோல் நிலையத்துச் சட்டையோடேயே வந்திருந்தாள், மார்பில் பெயர்ப்பட்டையோடு. அவர் எழுந்து, கடித நகலை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவளிடம் கேட்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. "ஒன்பது பேரும் இருக்கிறார்கள். உட்காருங்கள்" என்றார்.

பெயர்களில் ஒரு சிக்கல் வந்தது. இரண்டு பெயர்களில் அவர்கள் மொழியின் ஓர் எழுத்து இருந்தது. 'என்'னுக்கு மேலே ஒரு சின்ன அலை. அந்த இங்கிலாந்துத் தட்டச்சு இயந்திரத்தில் அலை கிடையாது. ஆங்கிலப் புத்தகம் முழுக்க அப்படிப்பட்ட பெயர்களை அலை இல்லாமல்தான் அடித்திருந்தார்கள். இனெஸ் பேனாவால் போடப் பார்த்தாள். நான் அவரை உச்சரிக்கச் சொன்னேன். பெஞா. நூஞெஸ். "எங்களிடம் இதற்கு எழுத்தே இருக்கிறது" என்று ஞகரத்தைப் பெரிதாக எழுதிக் காட்டினேன். எங்கள் ஊரில் அதற்கு அதிகம் வேலை இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கும் ஞாபகத்துக்கும்தான் என்றேன்.

எழுதி முடித்ததும், "தமிழில் எழுதியதை நீங்கள் படியுங்கள். சரியாக இருக்கிறதா என்று கேட்கிறேன்" என்றார்.

படித்தேன். முதல் பெயருக்கே அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். இனெஸும் எழுந்தாள். நாலாவது பெயரில் ஒரு றகரத்தை அழுத்தச் சொன்னார். திரும்பப் படித்தேன். ராஜி உட்கார்ந்தே இருந்தாள். ஏழாவது பெயர் வந்தபோது அவளும் எழுந்துவிட்டாள். ஒன்பதையும் படித்து முடித்தபின் கொஞ்ச நேரம் நாங்கள் நால்வரும் அந்தச் சின்ன மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். கீழே கடைக்காரர் பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

ஒப்புதல் தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். மேலே தன் கையால் ஒரு நிபந்தனை எழுதினார்: புதிய அத்தியாயத்தில் ஒரு சொல்லும் குறையக்கூடாது. அது தன் நாட்டுக்குப் போகுமுன் கட்சிக்குத் தானே படித்துக்காட்டிவிடுவதாகவும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் ராஜி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அவர் செய்தது செய்ததுதான்."

"ஆமா."

"ஆனா சொல்லிப்போட்டார். சொல்லேலும் எண்டு இப்ப எனக்குத் தெரியும். இனி தம்பியைக் கொண்டுபோனவை தங்களாலை சொல்ல ஏலாது எண்டு எனக்குச் சொல்ல நான் விடமாட்டன்."

ஊருக்குத் திரும்பிய மறுவருஷம் புத்தகம் வந்தது. அந்த அத்தியாயம் உலகத்தில் முதன்முதலாக அச்சானது தமிழில்தான். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர் ஒன்பது பெயரையும் அந்நியப் பெயர் என்று சுருக்கப் பார்த்தார். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ராஜி அம்மாவின் பெயரில் மறுபடி கடிதம் எழுதினாள்: யார் விடுவித்தது, எந்த வாசல் வழியாக, எத்தனை மணிக்கு என்று மூன்றே கேள்விகள். பதில் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே மூன்று கேள்விகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். இப்போது அவளோடு சேர்ந்து வேறு பல குடும்பங்களும் அனுப்புகின்றன. ஆங்கிலத்தில் எழுத வராதவர்களுக்கு அவளே எழுதிக்கொடுக்கிறாள்.

தொன் அன்செல்மோ சொன்னபடி கட்சிக்குப் படித்துக்காட்டினார். கட்சி வேறொருவரை நிறுத்தியது. ஆனாலும் அப்பாவும் மகளும் ஊருக்குப் போகாமல் இருந்துவிடவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இனெஸ் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. நேரே வடக்கே, அந்தச் சுரங்க ஊருக்குத்தான் போயிருக்கிறார்கள். ஒன்பது வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறார். நான்கு வீட்டில் திறக்கவில்லை. ஒரு வீட்டில் திறந்து, முகத்துக்கு நேரே சாத்தினார்கள். மூன்று வீட்டில் வாசலில் நிற்க வைத்தே பேசினார்கள். கடைசியாகப் போனது, தொலைபேசியை வைத்துவிட்டு இரண்டு பெயர் சொல்லியனுப்பிய அந்த விதவையின் வீடு.

"அந்த அம்மாள் எங்களை உள்ளே விட்டார்" என்று எழுதியிருந்தாள் இனெஸ். "அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டார். எதிரே உட்கார்ந்தார். காபி கொடுக்கவில்லை. எங்கள் நாட்டில் அப்படிச் செய்யமாட்டார்கள், விரோதிக்கும் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் அவர் கேட்டார், அப்பா பதில் சொன்னார். புறப்படும்போது, அடுத்த செவ்வாய்க்கிழமை மற்ற வீட்டுக்காரர்களையும் கூப்பிடுகிறேன், வரமுடியுமா என்று கேட்டார். நாங்கள் இந்த ஊரிலேயே ஒரு வீடு பார்த்துவிட்டோம்."